பகலிலும் தேயிலை சுவாசிக்கிறதா?

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருக்கிறார்: "தாவரம் பகலில் ஒளித்தொகுப்புச் செய்யும், இரவில் சுவாசிக்கும், விலங்கு எந்நேரமும் சுவாசிக்கும் என்று எழுதினேன். பிழை என்று போட்டுவிட்டார்கள். அப்படியென்றால் தாவரம் பகலில் இரண்டையும் செய்யுமா? ஒன்று காபனீரொட்சைட்டை எடுக்கிறது, மற்றது விடுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று கழிந்துபோகாதா? போசணை, சுவாசம், கொண்டுசெல்லல், கழிவகற்றல் எல்லாம் தனித்தனிப் பாடமாக வருவதால் எனக்கு எல்லாமே குழம்புகிறது."

எழுதியது பிழைதான், மகள். ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால் குழப்பும் அந்த நாலு பாடமும் ஒரே பாடமாகிவிடும். முதலில் இதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள்: உயிருள்ள கலம் எதுவானாலும், தேயிலை வேரில் இருந்தாலும் உங்கள் மூளையில் இருந்தாலும், உயிரோடு இருக்கும்வரை அது சுவாசித்துக்கொண்டே இருக்கும். பகல் இரவு என்ற வித்தியாசம் சுவாசத்துக்குக் கிடையாது. பகலுக்கு மட்டும் உரியது ஒளித்தொகுப்பு, அதாவது ஒளியைக் கொண்டு காபனீரொட்சைட்டிலும் நீரிலுமிருந்து வெல்லம் செய்வது.

இதற்குச் சாட்சி உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. காலையில் பறித்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கி நிரப்பி, நிறுவைக்குப் பிறகு லொறி வரும்வரை வைத்திருந்தால், சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள். நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும். வெயிலில் வைத்ததால் என்று நினைக்க வேண்டாம். நிழலில் வைத்தாலும் சுடும். அந்தச் சாக்குக்குள் வெளிச்சமே இல்லை. செடியிலிருந்து கிள்ளி எடுத்தும் ஆயிற்று. ஆனாலும் இலையின் கலங்கள் இன்னும் சாகவில்லை. தம்மிடம் உள்ள வெல்லத்தை ஒட்சிசனைக் கொண்டு உடைத்துக்கொண்டே இருக்கின்றன. அதில் வெளிவரும் வெப்பம்தான் உங்கள் கையில் படுகிறது. காற்றுப் போக வழியில்லாமல் நெருக்கி வைத்தால் வெப்பம் சேர்ந்து சேர்ந்து, தொழிற்சாலைக்குப் போகுமுன்பே கொழுந்து சிவந்துவிடும். சாக்கை அமுக்கி நிரப்ப வேண்டாம் என்று மேற்பார்வை செய்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம். வாட்டும் தொட்டியில் கொழுந்தைப் பரப்பிக் கீழிருந்து காற்று அடிக்கும்போது நீர் குறைகிறது. கூடவே இந்தச் சுவாச வெப்பமும் அகன்றுவிடுகிறது.

சுவாசம் என்றால் என்ன என்பதைச் சரியாகச் சொல்லிக்கொள்வோம். குளுக்கோசு மூலக்கூறு ஒன்று, ஒட்சிசன் மூலக்கூறுகள் ஆறுடன் சேர்ந்து, காபனீரொட்சைட்டு ஆறும் நீர் ஆறுமாக மாறுகிறது, சக்தி வெளிவருகிறது. இதில் பெரும்பகுதி வேலை கலத்துக்குள் உள்ள இழைமணி என்ற நுண்ணிய உறுப்பில் நடக்கிறது. வெளிவரும் சக்தியில் ஒரு பங்கை ஏ.ரி.பி என்ற மூலக்கூறில் பிடித்துவைத்துக் கலம் தன் வேலைகளுக்குச் செலவிடும். மிச்சம் வெப்பமாகப் போய்விடும். மூச்சை இழுத்து விடுவது வேறு, சுவாசம் வேறு. மூச்சு, நெஞ்சு ஏறி இறங்கும் வேலை. காற்றை உள்ளே கொண்டுவந்து வெளியே அனுப்பும் அளவோடு அது முடிந்துவிடும். சுவாசம் கலத்துக்குள் நடக்கும் இரசாயனம். தேயிலைக்கு மூச்சு இல்லை, சுவாசம் உண்டு. விடைத்தாளில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும் பிள்ளைகள்தான் அதிகம்.

இனி உங்கள் அடுத்த சந்தேகம்: கழிந்துபோகாதா? கழியத்தான் செய்கிறது, ஆனால் முழுவதும் அல்ல. நல்ல வெயில் அடிக்கும் நேரத்தில் பச்சை இலையின் ஒளித்தொகுப்பு வேகம் அதே இலையின் சுவாச வேகத்தைப் போலப் பல மடங்கு. இழைமணி விடும் காபனீரொட்சைட்டைப் பக்கத்திலிருக்கும், ஒளித்தொகுப்பு நடக்கும் பச்சையவுருமணி அப்படியே எடுத்துக்கொள்ளும். அது போதாமல் வெளிக்காற்றிலிருந்தும் எடுக்கும். ஆகவே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இலை காபனீரொட்சைட்டை எடுத்து ஒட்சிசனை விடுவது மட்டுமே தெரியும். உள்ளே நடக்கும் சுவாசம் தெரியாது. விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும் இரண்டு வேகமும் சமமாகிவிடும் ஒரு கட்டம் வரும். அப்போது இலை இரண்டு வாயுவையும் மொத்தத்தில் எடுப்பதும் இல்லை, விடுவதும் இல்லை. அதை ஈடுசெய் புள்ளி என்பார்கள். இருட்டியபின் சுவாசம் மட்டும் தொடரும்.

வேரை யோசித்துப் பாருங்கள். மண்ணுக்குள் இருப்பதால் அதற்கு ஒளி இல்லை, பச்சையமும் இல்லை. அது உயிர்வாழ வேண்டிய வெல்லம் முழுவதும் இலையிலிருந்து, உணவைக் கொண்டுசெல்லும் உரியம் என்ற இழையம் வழியாகச் சுக்குரோசாக இறங்கி வர வேண்டும். ஒட்சிசனை மண்ணின் இடைவெளிகளில் உள்ள காற்றிலிருந்து எடுக்கிறது. மழைக்காலத்தில் வடிகான் அடைத்து நீர் தேங்கிய இடத்தில் செடி மஞ்சளித்துப் போவதற்கு இதுதான் முக்கியமான காரணம். சுற்றிலும் தண்ணீர் இருந்தும், ஒட்சிசன் இல்லாமல் வேர்க்கலங்கள் சுவாசிக்க முடியாமல் சாகின்றன. வேர் செத்தால் நீரை உறிஞ்ச முடியாது. தண்ணீரில் நிற்கும் செடியே தண்ணீரில்லாததுபோல வாடும்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது கவ்வாத்தைப் பற்றி. உயிரியல் புத்தகம் அதைச் சொல்வதில்லை, ஆனால் மலையகத்துப் பிள்ளைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறார்கள். உயர்ந்த மலைகளில் ஓர் இலைகூட மிஞ்சாமல் வெறும் கட்டையாக நிற்கும்படி வெட்டுவார்கள். இலையே இல்லாத செடிக்கு ஒளித்தொகுப்பு இல்லை. ஆனாலும் அது சாவதில்லை. சில வாரங்களில் கட்டையெங்கும் புதுத் துளிர் வருகிறது. அந்தத் துளிரைக் கட்டும் பொருளும் சக்தியும் வேரில் சேமித்திருந்த மாப்பொருளிலிருந்து வருகின்றன. செடி அதை மீண்டும் வெல்லமாக உடைத்து மேலே அனுப்பி, சுவாசித்து, புதுக் கலங்களைக் கட்டுகிறது. வேரில் மாப்பொருள் போதாத செடியை இப்படி வெட்டினால் அது திரும்ப எழும்பாது. அதனால்தான் வெட்டுவதற்கு முன் வேரில் ஒரு துண்டை எடுத்து அயடீன் கரைசலில் சோதிக்கும் வழக்கம் தேயிலைப் பயிர்ச்செய்கையில் உண்டு. நன்றாகக் கருநீலமானால் சேமிப்பு இருக்கிறது, வெட்டலாம். நிறம் மங்கலாக இருந்தால் கொஞ்சக் காலம் கொழுந்து பறிக்காமல் செடியை ஓய்வாக விட வேண்டும். ஆய்வுகூடத்தில் இலையை அவித்து, அற்ககோலில் பச்சையம் நீக்கி, அயடீன் துளி விட்டு நீங்கள் செய்யும் அதே சோதனைதான் இது.

இரத்தினபுரி, காலி போன்ற தாழ்ந்த பிரதேசங்களில் தேயிலையை முழுதாக மொட்டையடிப்பதைத் தவிர்த்து, ஓரிரு கிளைகளை இலையோடு விட்டுவைப்பார்கள். அங்கே வெப்பம் அதிகம். வெப்பம் கூடினால் கலத்தின் தாக்கங்களை நடத்தும் நொதியங்கள் வேகமாக வேலை செய்யும், சுவாசமும் வேகமாகும். செடி சேர்த்ததில் பெரும்பங்கை அன்றாடம் செலவழித்துவிடுவதால் வேரில் மிஞ்சுவது குறைவு. நுவரெலியாவின் குளிரில் சுவாசச் செலவு குறைவாக இருப்பதால் வேர்ச் சேமிப்பு கூடுகிறது. ஒரே பயிரை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வெட்டுவதற்குப் பின்னால் சுவாச வேகத்தைப் பற்றிய இந்தப் பாடம் இருக்கிறது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் உங்கள் தலவாக்கலையில்தான் இருக்கிறது. பாடசாலையிலிருந்து சுற்றுலா போவதென்றால் அங்கே போகக் கேளுங்கள் என்று சொல்வேன்.

அடுத்தது வாயுக்கள் போய்வரும் வழி. இலையின் கீழ்ப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இலைவாய்கள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு காவற்கலங்கள். அவை நீரை எடுத்து வீங்கும்போது துவாரம் திறக்கும், நீரை இழந்து தளரும்போது மூடும். காற்றில் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 0.04 சதவீதம் மட்டுமே. அந்தச் சொற்பத்தைப் பிடிக்கச் செடி வாயைத் திறந்துவைத்தால், உள்ளிருக்கும் ஈரம் அதே வழியாக வெளியேறிவிடும். அதுதான் ஆவியுயிர்ப்பு. வேர் உறிஞ்சும் நீரில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படி ஆவியாகவே போகிறது. வீண் என்று தோன்றலாம். ஆனால் காழ்க் குழாய்களில் நீரையும் கனியுப்புகளையும் மேலே இழுக்கும் விசை அந்த ஆவியாதலிலிருந்துதான் பிறக்கிறது. தேயிலைக்கு இதயம் இல்லாமலே நீர் ஏறுவது இப்படித்தான். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஊவாப் பக்கம் வறண்ட காற்று வீசும்போது ஈரம் வெளியேறும் வேகம் கூடும்; செடி இலைவாய்களை மூடிக்கொள்ளும்; வளர்ச்சி மந்தமாகும். ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற வாசனை வருவதும் அந்த வறண்ட பருவத்தில்தான். மூடுபனி இறங்கிய நாளில் காற்று ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் ஆவியுயிர்ப்பு மிகவும் குறைந்துவிடும்.

காலையில் நுவரெலியாவின் ஸ்ட்ரோபெரி இலைகளைப் பார்த்தால் பல்போன்ற விளிம்பின் ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி நிற்கும். அதைப் பனித்துளி என்று எழுதிவிடாதீர்கள். பனித்துளி காற்றின் ஈரம் குளிர்ந்து இலை முழுவதும் படிவது. இது இரவில் வேரமுக்கத்தால் தள்ளப்பட்ட நீர் இலை விளிம்பிலுள்ள துளைகள் வழியாகக் கசிந்தது.

இலைவாய் திறந்திருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு; நம் மலைநாட்டின் சரித்திரமே அதில் மாறியது. இந்த மலைகளில் தேயிலைக்கு முன்பு கோப்பிதான் இருந்தது. 1869இல் இங்கே கோப்பித் துரு நோய் பதிவானது. ஹெமிலியா வஸ்தாத்ரிக்ஸ் என்ற பங்கசின் வித்திகள் ஈரமான இலையில் முளைத்து, இலைவாய் வழியாகவே உள்ளே நுழைந்து கலங்களின் உணவை உறிஞ்சுகின்றன. இலை செம்மஞ்சள் பொடி பூத்து உதிரும். இலை உதிர்ந்தால் ஒளித்தொகுப்பு இல்லை. ஒளித்தொகுப்பு இல்லாவிட்டால் காய்க்குப் போட உணவு இல்லை. ஏறக்குறைய 20 வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. நம் பாட்டன் பூட்டன் காலத்து வாழ்க்கையையே புரட்டிப்போட்ட அந்த நோய், நுணுக்குக்காட்டியில் நீங்கள் பார்க்கும் அந்தச் சிறு துவாரம் வழியாகத்தான் உள்ளே வந்தது.

விலங்குப் பக்கம் வருவோம். சுவாசம் அங்கேயும் அதேதான், ஒரு வரிகூட மாறாது. மாறுவது மூன்று விஷயம்: வெல்லம் எங்கிருந்து வருகிறது, ஒட்சிசன் எப்படி உள்ளே போகிறது, கழிவு எப்படி வெளியேறுகிறது.

வெல்லத்தைத் தயாரிக்க முடியாததால் விலங்கு தின்றாக வேண்டும். லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் பசு தின்னும் புல்லில் இருப்பது பெரும்பாலும் செலுலோசு. அதுவும் குளுக்கோசுகள் கோத்த சங்கிலிதான். ஆனால் அதை அறுக்கும் நொதியம் பசுவிடம் இல்லை, நம்மிடமும் இல்லை. பசுவின் நாலறை இரைப்பையின் முதல் அறையில் வாழும் நுண்ணங்கிகள் அந்த வேலையைச் செய்கின்றன. பசு அசைபோடுவது அவற்றுக்குப் புல்லை அரைத்துக் கொடுக்கத்தான்.

ஒட்சிசன் உள்ளே போகும் வழியில் உள்ள வித்தியாசங்களை அட்டவணையாகப் பாடமாக்குவதைவிட, எதற்கு எது பொருந்துகிறது என்று பாருங்கள். மழைக்காலத்தில் மலைக்குப் போனால் காலில் ஏறும் அட்டைக்கு நுரையீரல் இல்லை; ஈரமான தோல் வழியாகவே வாயுப் பரிமாற்றம். தோல் காய்ந்தால் ஒட்சிசன் கரைந்து உட்புக முடியாது. அதனால்தான் வெயில் காலத்தில் அட்டையைக் காண முடியாது, ஈரம் தேடி மறைந்துவிடும். மண்புழுவுக்கும் இதே கதை. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் இருக்கும் ட்ரவுட் மீனுக்குப் பூக்கள் (செவுள்கள்). குளிர்ந்த நீரில் ஒட்சிசன் அதிகம் கரையும், அந்த மீனுக்கு அவ்வளவு வேண்டும். சூடான சமவெளிக் குளத்தில் அதை வளர்ப்பது கடினம். தேனீக்கு உடல் முழுவதும் பரவிய வாதனாளிகள் என்ற காற்றுக் குழாய்கள். காற்று நேரே கலங்களின் அருகுக்கே போகிறது. நமக்கு நுரையீரலின் சிற்றறைகள். உள்ளே இழுக்கும் காற்றில் ஒட்சிசன் ஏறக்குறைய 21 சதவீதம், வெளியே விடுவதில் 16. காபனீரொட்சைட்டு 0.04இலிருந்து 4 சதவீதமாகிறது. நுவரெலியாவில் ஒட்சிசன் வீதம் குறைவு என்று சிலர் எழுதுகிறார்கள். வீதம் அங்கும் 21தான். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஐந்தில் நாலு பங்கு. ஆகவே ஒரு மூச்சில் கிடைக்கும் மூலக்கூறுகளே குறைகின்றன.

அட்டையின் மேல் உப்புப் போட்டால் அது ஏன் சுருண்டு சாகிறது? வெளியே உப்புச் செறிவு கூடியதும், நீர் கலமென்சவ்வு வழியாக உள்ளிருந்து வெளியே போகிறது. இது பிரசாரணம். இளஞ்செடியின் அடியில் உரத்தைக் குவித்துப் போட்டால் செடி கருகுவதும் இதே பிரசாரணம்தான்: மண்நீரின் செறிவு கூடி, வேர்மயிருக்குள் நீர் போவதற்குப் பதிலாக வெளியேறுகிறது. விலங்குக்கு ஒரு விதி, தாவரத்துக்கு ஒரு விதி என்று கலமென்சவ்வு பார்ப்பதில்லை. (அட்டை கடித்துக்கொண்டிருக்கும்போது உப்புப் போட வேண்டாம். குடித்ததைக் காயத்துக்குள் கக்கிவிடக்கூடும். நகத்தால் மெதுவாக நெம்பி எடுத்துக் காயத்தைக் கழுவுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளை அதன் உமிழ்நீர் விட்டுச்செல்வதால் சற்று நேரம் ஒழுகும், பயப்பட வேண்டாம்.)

கழிவகற்றலில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மலம் வெளியேறுவது கழிவகற்றல் அல்ல. மலத்தில் இருப்பது சமிக்காத உணவு, நீர், குடலில் வாழும் பற்றீரியா போன்றவை. சமிக்காத உணவு கலத்துக்குள் போகவே இல்லை. கலத்துக்குள் நடந்த தாக்கங்களில் உண்டான பொருளை வெளியேற்றுவதே கழிவகற்றல். அப்படிப் பார்த்தால் சுவாசத்தில் உண்டான காபனீரொட்சைட்டும் கழிவுதான், நுரையீரலும் கழிவகற்றும் அங்கம்தான். புரதம் உடையும்போது வரும் நைதரசன் கழிவை ஈரல் யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் வடிக்கிறது. ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் வடிதிரவம் உண்டாகி, அதில் ஒன்றரை லீற்றர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. மிச்சமெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. தேயிலைக்கு நாம் போடும் உரப்பையில் உள்ள யூரியாவும் இதே மூலக்கூறுதான், தொழிற்சாலையில் செய்தது. தாவரத்துக்கு நைதரசன் எப்போதும் தட்டுப்பாடான பொருள் என்பதால் நம்மைப்போல் அதை வெளியே கொட்டாது; மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். தேயிலைக் கொழுந்தில் உள்ள கபேயினிலும் நைதரசன் இருக்கிறது. அது முதிர்ந்த இலையைவிட இளந்துளிரில் அதிகம், பூச்சிகளுக்கு எதிரான காவல். ஆகவே கபேயினைக் கழிவு என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

தூண்டற்பேறு (தூண்டலுக்கு உயிரி காட்டும் துலங்கல்), இனப்பெருக்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஒரு வார்த்தை மட்டும். நுனி மொட்டில் உண்டாகும் ஒக்சின் என்ற ஓமோன் கீழே உள்ள பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியதும் அந்த அடக்கம் நீங்கி, பக்க மொட்டுகள் துளிர்க்கின்றன. பறிக்காமல் விட்டால் அதே செடி மரமாகிவிடும்.

இப்போது உங்கள் விடையை இப்படித் திருத்துங்கள்: "தாவரத்தின் எல்லா உயிர்க்கலங்களும் இரவும் பகலும் சுவாசிக்கின்றன. பச்சையம் கொண்ட கலங்கள் ஒளி உள்ளபோது அத்துடன் ஒளித்தொகுப்பும் செய்கின்றன. பகலில் ஒளித்தொகுப்பு வேகம் அதிகம் என்பதால் மொத்தத்தில் காபனீரொட்சைட்டு எடுக்கப்பட்டு ஒட்சிசன் வெளிவிடப்படுகிறது."

நம்பிக்கை வராவிட்டால் செய்து பாருங்கள். ஒரு சுடுநீர்ப் பிளாஸ்கில் முளைத்த பயறு, இன்னொன்றில் அவித்து ஆறவைத்த பயறு. இரண்டுக்கும் வெப்பமானி வைத்துப் பஞ்சால் வாயை அடையுங்கள். அடுத்த நாள் முளைத்த பயற்றின் வெப்பநிலை கூடியிருக்கும், அவித்தது அப்படியே இருக்கும். பயற்றை இரண்டு பிளாஸ்கிலும் போடுமுன் கிருமிநீக்கியில் கழுவ மறக்க வேண்டாம். கழுவாவிட்டால் ஓரிரு நாளில் அவித்த பயறும் சூடாகத் தொடங்கும். பயறு உயிர்பெற்றதால் அல்ல. அதன்மேல் வளரும் பங்கசும் பற்றீரியாவும் சுவாசிப்பதால்.